ஊரடங்கில் வீட்டுச் சண்டை: நாம் செய்யும் தவறுகள்

கோவிட் ஊரடங்கின் முதல் வாரம் எங்கள் வீடு விசேஷ வீடு மாதிரி இருந்தது. எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டோம், பழைய ஆல்பங்களை எடுத்துப் பார்த்தோம். மூன்றாவது வாரம் ஒரு டம்ளரால் சண்டை வந்தது. நான் தண்ணீர் குடித்துவிட்டு மேஜையிலேயே வைத்த டம்ளர். "இதை எடுத்து உள்ளே வைக்க எவ்வளவு நேரம் ஆகும்?" என்றாள் மனைவி. நான் உடனே காலையிலிருந்து செய்த வேலைகளை வரிசையாகச் சொல்ல ஆரம்பித்தேன். அரை மணி நேரத்தில் பத்து வருடத்துக் கணக்கு வெளியே வந்துவிட்டது. பையன் தன் அறைக் கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டது இன்னும் கண்ணில் நிற்கிறது.

பிறகு யோசித்தபோதுதான் புரிந்தது. சாதாரண நாட்களில் வேலைக்குப் போகும் பயணம், பள்ளி, கடைக்கு நடப்பது, நண்பரோடு பத்து நிமிடப் பேச்சு எல்லாம் சேர்ந்து எங்கள் கோபத்தை ஆற்றிக்கொண்டிருந்தன. காலையில் முறைத்துக்கொண்டு கிளம்பினாலும் மாலையில் திரும்பும்போது அது பாதி கரைந்திருக்கும். ஊரடங்கு அந்த இடைவெளியை எடுத்துவிட்டது. நாங்கள் அதை வேறு வழியில் உண்டாக்கிக்கொள்ளவில்லை. பெரிய தவறு அதுதான்.

நாள் முழுக்க ஒரே அறையில் கூடியிருப்பதுதான் பாசம் என்று நினைக்காதீர்கள். ஆளுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். அந்த நேரத்தில் அவரை யாரும் கூப்பிடக் கூடாது, "என்ன பண்றே?" என்று எட்டிப் பார்க்கவும் கூடாது. ஒரே அறை உள்ள வீடாக இருந்தாலும் முடியும். ஜன்னலைப் பார்த்துத் திரும்பி, காதில் ஹெட்போனோடு உட்கார்ந்தால் அவர் வீட்டில் இல்லை என்று மற்றவர்கள் எடுத்துக்கொள்ள வேண்டும். தனிமை கேட்பவர் நம்மை வெறுக்கிறார் என்று மனம் வாடத் தேவையில்லை.

அடுத்தது வேலைப் பங்கீடு. எல்லாரும் வீட்டிலேயே இருந்தால் மூன்று வேளைச் சமையல், பாத்திரம், துடைப்பது எல்லாமே கூடும். அது பெரும்பாலும் ஏற்கெனவே செய்துகொண்டிருந்த ஒருவர் தலையிலேயே விழும். இதில் நான் செய்த தவறு, "ஏதாவது உதவி வேணுமா?" என்று கேட்டுக்கொண்டிருந்தது. அந்தக் கேள்வியிலேயே வேலை அவளுடையது என்று முடிவாகிவிடுகிறது. என்ன தீர்ந்துபோனது, எதை முதலில் செய்வது என்று யோசிப்பதும் அவள் பொறுப்பாகவே இருந்தது. ஒரு தாளில் எழுதிப் பிரித்துக்கொண்ட பிறகுதான் நிலைமை மாறியது. இரவுச் சாப்பாடு என் பொறுப்பு என்றால் என்ன செய்வது என்று நினைப்பது முதல் அடுப்பைத் துடைப்பது வரை என்னுடையது. அப்புறம், இன்னொருவர் செய்வது நம் பக்குவத்தில் இல்லை என்று குறை சொல்லாமல் இருக்க வேண்டும். அதைக் கற்றுக்கொள்ள எங்களுக்குக் கூடுதல் நாள் ஆனது.

செய்தியை நாள் முழுக்க ஓடவிடுவதும் தவறு. கோவிட்டைப் பெருந்தொற்று என்று 2020 மார்ச் 11-இல் சொன்ன உலக சுகாதார நிறுவனம், அதே மாதம் வெளியிட்ட மனநல அறிவுரையில், குறிப்பிட்ட நேரத்தில் ஒருமுறையோ இருமுறையோ மட்டும் செய்தி பாருங்கள் என்றது. பயம் பெரும்பாலும் பயமாக வெளியே வராது, எரிச்சலாக வரும். முந்தைய நோய்த்தொற்றுகளில் தனிமைப்படுத்தப்பட்டவர்களைப் பற்றிய 24 ஆய்வுகளைத் தொகுத்து 2020 பிப்ரவரியில் லான்செட் மருத்துவ இதழ் வெளியிட்ட கட்டுரையும், தொற்று பயம், சலிப்பு, பணக் கஷ்டம், தெளிவில்லாத தகவல் ஆகியவற்றை மன அழுத்தத்துக்குக் காரணங்களாகச் சொன்னது. எனவே பணத்தைப் பற்றிப் பேசியே ஆக வேண்டும். ஆனால் இரவு படுக்கப் போகும்போது வேண்டாம். காலையில், வயிறு நிறைந்திருக்கும்போது, கையில் கணக்கோடு பேசுங்கள்.

குழந்தைகள் விஷயத்தில் அவசரப்பட வேண்டாம். அந்த ஆண்டு பள்ளிகள் மூடியதில் உலகம் முழுக்க 150 கோடிக்கும் மேற்பட்ட மாணவர்கள் வீட்டில் இருந்ததாக யுனெஸ்கோ கணக்கிட்டது. ஒட்டிக்கொண்டே திரிவது, மறந்துபோன படுக்கை நனைக்கும் பழக்கம் திரும்புவது, காரணமில்லாத அழுகை எல்லாம் பயத்தின் அடையாளமாக இருக்கலாம். பிடிவாதம் என்று அடக்காதீர்கள். பெரியவர்களுக்கும் உத்தரவு போடாமல் காரணத்தைச் சொல்லுங்கள். "வெளியே போகாதீங்க" என்பதைவிட "உங்களுக்கு ஒண்ணு ஆனா எங்களால தாங்க முடியாது" என்பதைக் கேட்பார்கள்.

சண்டை முற்றும்போது எழுந்து போவது நல்லதுதான். ஆனால் எப்போது திரும்பிப் பேசுவோம் என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும். சொல்லாமல் போய் மூன்று நாள் முகம் கொடுக்காமல் இருப்பது மற்றவருக்குத் தண்டனை.

இதுவரை சொன்னதெல்லாம் ஒருவருக்கொருவர் பயமில்லாத வீடுகளுக்கு. அடி, மிரட்டல், போனைப் பிடுங்கி வைப்பது, பணத்தை முடக்குவது இருக்கிற வீட்டில் "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ" என்பது ஆபத்தான அறிவுரை. 2020 ஏப்ரல் 5-இல் ஐ.நா. பொதுச்செயலாளர் அன்டோனியோ குட்டெரெஸ், பெருந்தொற்றை எதிர்கொள்ளும் திட்டங்களில் பெண்களின் பாதுகாப்பையும் சேர்க்கும்படி அரசுகளைக் கேட்டுக்கொள்ளும் அளவுக்கு நிலைமை மோசமாக இருந்தது. ஸ்பெயினின் கேனரி தீவுகளில், மருந்துக் கடையில் 'மாஸ்கரில்லா 19' (முகக்கவசம் 19) என்று சொன்னால் ஊழியர் உதவிக்கு அழைப்பார் என்ற ஏற்பாடு வந்தது. உங்கள் சகோதரியோ தோழியோ அப்படி ஒரு வீட்டில் மாட்டியிருப்பதாகச் சந்தேகம் இருந்தால், போனில் நேரடியாகக் கேட்காதீர்கள், பக்கத்தில் ஆள் இருக்கலாம். "ஆமா", "இல்லே" என்று மட்டும் பதில் சொல்லும்படி கேளுங்கள். உதவி வேண்டும் என்பதற்கு ஒரு சாதாரண வார்த்தையை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். அந்த வார்த்தை வந்தால் யாரை அழைப்பது என்பதையும் அப்போதே முடிவு செய்துவிடுங்கள்.