தோட்டத்து விடுதியில் கோடைக் கச்சேரி: எங்கெல்லாம் சறுக்கும்

அழகர்கோயில் சாலை, நத்தம் சாலை, நாகமலை அடிவாரம், சிறுமலைப் பக்கம் என்று மதுரையைச் சுற்றித் தோப்புகளுக்கு நடுவே விடுதிகள் பெருகிவிட்டன. ஏப்ரல், மே மாதங்களில் வெளிநாட்டுப் பயணிகள் குறைந்துவிடுவார்கள். புல்தரை சும்மா கிடக்கும். வாரம் ஒரு கச்சேரி வைத்தால் என்ன என்று முதலாளிக்குத் தோன்றுவது இயல்புதான், யோசனையும் நல்லதுதான். ஆனால் இப்படித் தொடங்கும் தொடர்கள் பாதி வழியில் மூச்சுத் திணறுகின்றன. கல்யாண வரவேற்பில் மெல்லிசைக் குழு வைத்த அனுபவத்தை நம்பி இறங்குகிறார்கள். திறந்தவெளியும் கத்திரி வெயிலும் வேறு கணக்கு கேட்கின்றன.

தேதி

ஆங்கில நாட்காட்டியை மட்டும் பார்த்துத் தேதி குறிப்பது முதல் தவறு. சித்திரைத் திருவிழா நாட்களில் மதுரைக்காரர் யாரும் ஊரை விட்டுப் பாட்டுக் கேட்கப் போக மாட்டார். சித்ரா பௌர்ணமியை ஒட்டிக் கள்ளழகர் மலையை விட்டு இறங்கி வைகைக்கு வரும்போது அழகர்கோயில் சாலை முழுக்க மண்டகப்படிகள்தான். அந்தச் சாலையில் உள்ள விடுதிக்கு மாலை ஆறரைக்குக் கார் வந்து சேரும் என்று நம்புவது வீண். காவல் நிலையத்தில் இருப்பவர்கள் மொத்தமும் பந்தோபஸ்துக்குப் போயிருப்பார்கள். உங்கள் ஒலிபெருக்கி அனுமதி மனுவைப் பார்க்க ஆள் இருக்காது.

பிறகு முகூர்த்த நாட்கள். வைகாசி முகூர்த்தத்தில் நல்ல நாகஸ்வரக்காரரும் தவில்காரரும் கிடைப்பது அரிது. கிடைத்தாலும் விடியற்காலையிலிருந்து வாசித்துக் களைத்த உதடுகளோடு உங்கள் மேடைக்கு வருவார்கள். விடுதியின் புல்தரையே அன்றைக்கு ஒரு வரவேற்புக்கு வாடகைக்குப் போயிருக்கும் என்பது தனிக் கதை. பக்கத்துக் கிராமத்தில் அம்மன் கோயில் பொங்கல் எப்போது என்றும் கேட்டு வையுங்கள். ஊர்க்காரர்களிடம் ஒரு டீ குடித்தால் தெரிந்துவிடும் செய்தி அது. கேட்காவிட்டால், பாடகர் ஆலாபனையைத் தொடங்கும் நேரத்தில் எல்லைக்கு அப்பாலிருந்து பக்திப்பாடல் வந்து சேரும். அவர்களைக் குறை சொல்ல முடியாது. அது அவர்கள் திருவிழா.

பெயர் பெற்ற சென்னை வித்வான்களைக் கோடையில் தேடுவதும் பெரும்பாலும் ஏமாற்றத்தில் முடியும். 1978 முதல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் நடந்துவரும் தியாகராஜ ஆராதனை இளவேனிற்காலத்தில்தான் வருகிறது. அதை ஒட்டி அங்கேயே பல ஊர்களில் கச்சேரி ஏற்றுக்கொண்டு பலர் கிளம்பிவிடுவார்கள். மீதி இருப்பவர்களில் ஒருவரைப் பெரிய தொகைக்குப் பிடித்து முதல் வாரத்தில் உட்கார வைத்துவிட்டு, அடுத்தடுத்த வாரங்களைச் சில்லறைக்கு ஒப்பேற்றுவது நம் ஊரில் வழக்கமாகிவிட்டது. எம்.எஸ். சுப்புலட்சுமி பிறந்த ஊர் இது, பாடகர் மதுரை மணி ஐயர் தம் பெயரோடு சுமந்த ஊர். இங்கே கற்றுப் பாடுகிற இளைஞர்களைத் தேட விருப்பமில்லாதவர்கள்தாம் ஆள் கிடைக்கவில்லை என்பார்கள்.

வெயிலும் வாத்தியமும்

விருந்தினருக்கு வியர்க்கும் என்று கவலைப்படுகிற நிர்வாகம், வாத்தியங்களுக்கும் வெயில் உறைக்கும் என்பதை நினைப்பதே இல்லை. வீணையின் மெட்டுகள், அதாவது கம்பியை அழுத்திச் சுரம் பிடிக்கும் உலோகக் கட்டைகள், மெழுகில் பதிக்கப்பட்டவை. மதியம் வந்து சேர்ந்த வீணையை நிறுத்தி வைத்த காருக்குள்ளேயே விட்டால் மெழுகு இளகி மெட்டுகள் நகர்ந்துவிடும். மாலையில் வாசிக்க உட்காரும்போது சுரங்கள் இருந்த இடத்தில் இருக்காது, அதை அந்த மேடையில் வைத்துச் சரிசெய்யவும் முடியாது. வயலின் கம்பிகள் சூட்டில் நீண்டு சுருதி இறங்கும். புல்லாங்குழலில் சூடான காற்று சுருதியை ஏற்றும். இரண்டையும் ஒரே மேடையில், கதிர் இன்னும் விழுந்துகொண்டிருக்கும்போது உட்கார வைத்துவிட்டு, "ஏன் சேரவே இல்லை?" என்று கேட்பவர்களை என்ன சொல்வது?

மிருதங்கத்தின் தோல் வறண்ட காற்றில் இறுகும், ஈரக்காற்றில் தளரும். ஏசி அறையில் நான்கு மணி நேரம் வைத்துவிட்டு நேராகத் திறந்தவெளிக்குக் கொண்டுவந்தால் வாசிப்பவர் முதல் அரை மணி நேரத்தைச் சுத்தியலும் கையுமாகக் கழிப்பார். கச்சேரிக்கு ஒரு மணி நேரம் முன்பே, மேடைக்குப் பக்கத்து நிழலில் வாத்தியங்கள் இருக்க இடம் கொடுங்கள். விடுதிக்காரர்களுக்குப் பிடித்தமான நீர்த்தூவும் விசிறி மேடைப் பக்கம் வரவே கூடாது. பெடஸ்டல் விசிறியும் மைக்குக்கு நேராக நின்றால் பாட்டை விடக் காற்றுதான் அதிகம் கேட்கும். மைக்குக்குப் பஞ்சு உறை போட்டு, விசிறியைப் பக்கவாட்டில், பாடகரின் முதுகுப் பக்கமாகத் திருப்புங்கள்.

கடத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மதுரையிலிருந்து பரமக்குடி போகும் வழியில் இருக்கும் மானாமதுரையின் கடங்களுக்கு உலகெங்கும் மதிப்பு. ஆனால் சுட்ட மண்ணின் சுருதி சுட்டதுதான், முறுக்கி ஏற்ற முடியாது. பாடுபவருக்கு எத்தனை கட்டை, அதாவது எந்தச் சுருதி, என்று முன்கூட்டியே கட வித்வானிடம் சொன்னால்தான் அவர் சரியான பானையை எடுத்துவருவார். ஒரு போன் பேச்சு போதும்; அதைக்கூடச் செய்வதில்லை.

மேடை எந்தத் திசை பார்க்க வேண்டும் என்பதில் வேடிக்கையான ஒரு சிக்கல் இருக்கிறது. கிழக்கு பார்த்து உட்காருவது மரபு. அப்படிப் போட்டால் கேட்பவர்கள் மேற்கே பார்த்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு, கைக்குட்டையை நெற்றியில் வைத்து உட்கார்ந்திருப்பார்கள். மே மாதத்தில் மதுரையில் சூரியன் மறைய ஏறக்குறைய ஆறரை ஆகிவிடும். வடக்கு பார்த்த மேடை என்றால் யாருக்கும் மனக்குறையும் இல்லை, கண்ணும் கூசாது. இல்லையென்றால் ஆறே முக்காலுக்கு முன் தொடங்காதீர்கள். கல் பதித்த முற்றத்தைவிடப் புல்தரை மேல். கல் பகலெல்லாம் குடித்த வெப்பத்தை எட்டு மணி வரை கக்கிக்கொண்டிருக்கும்.

ஊருக்கு வெளியே என்றால் அமைதி என்று அர்த்தமில்லை

நான் பார்த்த வரையில் மிக அதிகமாகச் செய்யப்படும் தவறு ஒலியில்தான். "சுற்றிலும் வயல்தானே, யாருக்குக் கேட்கப்போகிறது" என்று பெரிய பெட்டிகளை இரண்டு பக்கமும் அடுக்குகிறார்கள். மாலை நான்கு மணிக்குச் சோதித்துப் பார்க்கிறார்கள். காம்பவுண்டுக்கு வெளியே போய் நின்றால் அவ்வளவாகக் கேட்கவில்லை. திருப்தி. இரவு ஒன்பது மணிக்கு ஒன்றரை கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஊரிலிருந்து போன் வருகிறது.

பகலில் தரையை ஒட்டிய காற்று சூடு, மேலே குளிர்ச்சி. சூடான காற்றில் ஒலி வேகமாகச் செல்லும் என்பதால் அலை மேல்நோக்கி வளைந்து வானத்துக்குப் போய்விடுகிறது. சூரியன் மறைந்து தரை குளிரத் தொடங்கியதும் நிலைமை தலைகீழாகிறது. கீழே குளிர், மேலே சூடு. ஒலி தரையை நோக்கி வளைந்து வெகுதூரம் போகிறது. மெல்லிசைக் குழுவின் அடித்தாளம், பேஸ் கிட்டார் போன்ற தாழ்ந்த ஒலிகள் வழியில் தேயாமல் போய்ச் சேரும். அதனால் நான்கு மணிச் சோதனை பாட்டுக்கு மட்டும்தான் உதவும், அக்கம்பக்கத்துக்கு உதவாது. முதல் கச்சேரி நடக்கும்போதே ஒருவரை ஸ்கூட்டரில் அனுப்பிப் பக்கத்து ஊர் எல்லையில் நின்று கேட்கச் சொல்லுங்கள்.

பெரிய பெட்டி இரண்டைக் கத்தவிடுவதைவிடச் சிறிய பெட்டிகளைக் கூட்டத்துக்குள்ளேயே ஆங்காங்கே, தாழ்வாக, உள்நோக்கித் திருப்பி வைப்பது நல்லது. ஆனால் பின்வரிசைப் பெட்டிக்குத் தாமதம் கொடுக்க வேண்டும். நம் கோடை மாலைக் காற்றில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 350 மீட்டர் போகிறது. 35 மீட்டர் பின்னால் இருக்கும் பெட்டிக்கு நொடியில் பத்தில் ஒரு பங்கு தாமதம் தேவை. அதைக் கொடுக்காவிட்டால் பின்வரிசையில் ஒவ்வொரு சொல்லும் இரண்டு முறை கேட்கும். கொடுக்கத் தெரிந்த சவுண்ட் சர்வீஸ்காரரைத் தேர்ந்தெடுங்கள். பெட்டியின் எண்ணிக்கையைப் பெருமையாகச் சொல்பவரை விட்டுவிடுங்கள்.

மலையடிவார விடுதிகளுக்கு இன்னொரு தொல்லை. யானைமலை, நாகமலை போன்ற வழுவழுப்பான பாறை முகம் ஒலியை அப்படியே திருப்பி அனுப்பும். பாறை 175 மீட்டர் தொலைவில் இருந்தால் அடித்த சொல் சரியாக ஒரு நொடி கழித்துத் திரும்பி வரும். தவில்காரர் ஒருவர் தன் முழக்கத்தோடு தானே போட்டியிட வேண்டியதுதான். மலைக்கு முதுகு காட்டி மேடையையும் பெட்டிகளையும் வைத்தால் பாதித் தொல்லை தீரும். அந்தப் பாறைகளில் கழுகும் வல்லூறும் குஞ்சு பொரிக்கின்றன என்பதையும் நினைவில் வையுங்கள். மேலூர்ப் பக்கத்து அரிட்டாபட்டி 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது காரணமில்லாமல் அல்ல.

இத்தனைக்கும் நடுவில் எனக்குப் புரியாதது ஒன்று. நாகஸ்வரமும் தவிலும் திறந்தவெளிக்கென்றே பிறந்தவை. ஆலமரத்தடியில் மைக் இல்லாமல் உட்கார வைத்தால் நூற்றைம்பது பேருக்குத் தாராளமாகக் கேட்கும். நையாண்டி மேளமும் அப்படித்தான். செலவும் குறைவு, புகாரும் குறைவு. இருந்தும் விடுதிகள் கீபோர்டு, டிரம் பேடு, நான்கு பாடகர் என்றே போகின்றன. தப்பித்தவறி நாகஸ்வரம் வைத்தால் தவிலுக்கும் மைக் நீட்டுகிறார்கள்.

சட்டம் என்று ஒன்று

ஒலிபெருக்கிக்கு எழுத்துமூல அனுமதி வேண்டும், தனியார் இடமாக இருந்தாலும். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கிடையாது. விழாக்காலங்களுக்காக ஆண்டுக்கு 15 நாள் வரை நள்ளிரவு வரை தளர்த்தும் அதிகாரம் அரசுக்குத்தான், விடுதிக்கு இல்லை. குடியிருப்புப் பகுதியில் பகல் வரம்பு 55 டெசிபல். உங்கள் எல்லைச் சுவரில் நின்று அளந்தால் அதற்கு மேல் 5 டெசிபல் வரைதான் பொறுப்பார்கள். அந்தக் காலத்தில் மதுரை சோமு விடியவிடியப் பாடினாரே என்று யாராவது சொல்வார்கள். பாடினார்தான், அவர் காலமானது 1989இல், விதி வந்தது அதற்குப் பிறகு. ஒன்பதே காலுக்கு மங்களம் பாடும்படி திட்டமிடுங்கள். பத்து மணிக்கு என்று வைத்தால் பத்தே காலாகும்.

பாட்டின் உரிமைத்தொகையில் பலர் விழுகிறார்கள். "எத்தனை கல்யாணத்தில் சினிமாப் பாட்டு பாடியிருக்கிறார்கள், யாரும் கேட்டதில்லையே" என்பது மேலாளர்களின் பதில். கல்யாணத்துக்கும் அதைச் சார்ந்த கொண்டாட்டங்களுக்கும் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டமே விலக்கு தருகிறது. டிக்கெட் விற்று நடத்தும் கச்சேரிக்கு அந்த விலக்கு பொருந்தாது, பாட்டின் உரிமைத்தொகையை வசூலிக்கும் ஐ.பி.ஆர்.எஸ். அமைப்பிடம் உரிமம் வாங்க வேண்டும். கர்நாடக இசை என்றால் எல்லாமே பழசு என்ற எண்ணமும் சரியல்ல. தியாகராஜர் 1847இல் மறைந்தவர், கேள்வியே இல்லை. பாபநாசம் சிவன் மறைந்தது 1973இல். ஆசிரியர் மறைவுக்குப் பின் அறுபது ஆண்டு என்ற கணக்கில் அவர் பாடல்களுக்கு 2033 முடிய உரிமை உண்டு. வரியில், ஆளுக்கு 500 ரூபாய்க்கு மேற்படாத கச்சேரி நுழைவுக்கு ஜி.எஸ்.டி. விலக்கு இருக்கிறது. அதையே இரவுச் சாப்பாட்டோடு சேர்த்து ஒரே தொகையாக விற்றால் கணக்கு மாறும். விலையை அச்சடிக்கும் முன் ஆடிட்டரிடம் பேசுங்கள்.

சாப்பாடு, மழை, ஈசல்

கச்சேரி நடக்கும்போது பரிமாறாதீர்கள். தட்டும் கரண்டியும் பாடகருக்குப் பக்கவாத்தியமல்ல. தொடங்கும் முன் ஜிகர்தண்டாவோ பருத்திப்பாலோ கொடுங்கள், முடிந்த பின் இலை போடுங்கள். குறிப்பாக, தாள வாத்தியங்கள் மட்டும் தனித்து ஒலிக்கும் தனி ஆவர்த்தனத்தின்போது சாப்பாட்டுக் கவுண்டரைத் திறப்பது கூட்டத்தை எழுப்பிவிடும் உத்தி. மிருதங்கக்காரர் அதை மன்னிக்க மாட்டார். அவருக்கு விடுதியில் டிரைவர்கள் தங்கும் அறையைக் கொடுத்துவிட்டுப் பாடகருக்கு மட்டும் குடில் கொடுத்திருந்தால் நிச்சயம் மன்னிக்க மாட்டார்.

கோடை மழை மாலையில்தான் இடியோடு வரும். சாமியானா மழைக்குத் தாங்காது. தகரக் கொட்டகை தாங்கும், ஆனால் பாட்டு கேட்காது. உள்ளே ஒரு கூடம் காலியாக இருக்க வேண்டும், அன்றைக்கு வேறு யாருக்கும் அதைக் கொடுக்கக் கூடாது. உள்ளே மாறுவதா என்பதை மாலை நான்கு மணிக்குள் ஒருவர் முடிவு செய்ய வேண்டும். ஐந்து பேர் கூடி வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் மின்கம்பிகள் நனைந்த பிறகுதான் முடிவு வரும். மழை விட்ட மறுநாள் ஈசல் படையெடுக்கும். மேடையில் வெள்ளை விளக்கைப் போட்டால் பாடுபவரின் வாய்க்குள்ளேயே போகும். மேடைக்கு மஞ்சள் விளக்கு, தோட்டத்தின் மறுகோடியில் பூச்சிகளை இழுக்க ஒரு வெள்ளை விளக்கு. ஜெனரேட்டரைக் காற்று போகும் திசையில், கட்டடத்துக்குப் பின்னால் வையுங்கள். ஒலிக்கும் ஒளிக்கும் தனித்தனி இணைப்பு இல்லாவிட்டால் விளக்கை மங்க வைக்கும்போதெல்லாம் பெட்டிகள் முனகும்.

நாற்பது பேர் வந்த வாரத்தில் கச்சேரியை ரத்து செய்வதுதான் தொடரைக் கொல்லும் கடைசி அடி. மேடையைக் கலைத்துவிட்டு நாற்காலிகளை அரைவட்டமாகப் போடுங்கள், பாடகரைத் தரையில் ஜமக்காளத்தில் உட்கார வையுங்கள், மைக்கைக்கூட எடுத்துவிடலாம். நகரத்திலிருந்து வந்தவர்கள் திரும்ப ஒரு வேன் மட்டும் ஏற்பாடு செய்யுங்கள். கடைசி டவுன் பஸ்ஸை நினைத்துப் பாதிப் பேர் எட்டரை மணிக்கே எழுந்துவிடுவார்கள்.