ரப்பர் தோட்டத்தில் லேசர் அளவையா? மாதம் பார்த்துப் போங்கள்

கன்னியாகுமரி மாவட்டக் குலசேகரம் பக்கத்து ரப்பர் சரிவுகளை எதிர்மேட்டிலிருந்து லாங் ரேஞ்ச் லேசர் ஸ்கேனரில் (லேசர் கதிர் அனுப்பித் தொலைவிலிருந்தே நிலத்தை அளக்கும் கருவி) அளப்பதென்றால், ஜனவரி, பிப்ரவரிதான் நல்ல நேரம். ரப்பர் இலை உதிர்ந்திருக்கும். கதிர் கிளைகளுக்கு நடுவே தரைவரை இறங்கும். மற்ற மாதங்களில் ஒரு கிலோமீட்டர் எட்டும் கருவிக்குக்கூட இலைக்கூரைதான் தெரியும், மண் தெரியாது.

மழை விட்டதும் ஆரம்பிக்காதீர்கள். நனைந்த பாறை கதிரை உறிஞ்சிவிடும். கதிர் பட்ட இடங்களைப் புள்ளிகளாகக் காட்டும் புள்ளிப்படத்தில் ஓட்டை ஓட்டையாக விழும். பாறை வெளுத்துக் காயட்டும்.

ஆரல்வாய்மொழிக் கணவாய் என்றால் பலத்த காற்று வேறு. ஸ்கேனர் நிற்கும் முக்காலியை அகல விரித்து, தரையைத் தொடும்படி மணல்சாக்கைக் கட்டித் தொங்கவிடுங்கள்.

அப்புறம் எல்லைக்கல். புல்லுக்குள் மறைந்தால் ஸ்கேனருக்கும் தெரியாது. முதலில் சுற்றிலும் புல்லைச் செதுக்கிவிட்டு, கல்லின் மேல் டார்கெட் (ஸ்கேனில் இடம் தெரிய வைக்கும் குறி) வையுங்கள்.