ரெண்டாவது இன்டர்வியூக்கு கூப்பிட்டாங்களா? காரைக்குடி பக்கத்துப் பிள்ளைகளுக்கு

அமெரிக்காவுல பெரிய காலேஜ் ஒண்ணுக்கு அப்ளை பண்ணி, ஒரு இன்டர்வியூவும் முடிஞ்சு, இனி பப்ளிக் எக்ஸாமுக்கு படிப்போம்னு புக்கை எடுக்குற நேரத்துல "உங்ககிட்ட இன்னொரு தடவை பேசணும்"னு மெயில் வரும். உடனே வீட்டுல ரெண்டு கட்சி ஆயிரும். அப்பச்சி சீட்டு கெடச்ச மாதிரியே பிள்ளையார்பட்டிக்கு கெளம்பிருவாங்க, ஆத்தா "மொத தடவை என்னத்தடா உளறி வச்ச"ன்னு ஆரம்பிப்பாங்க. ரெண்டையும் காதுல வாங்காதீங்க. வேணாம்னு முடிவு பண்ண ஃபைலுக்கு யாரும் இன்னொரு அரைமணி நேரம் செலவழிக்க மாட்டாங்க, எடுத்துக்கிட்டோம்னு முடிவு பண்ணிட்டாலும் கூப்பிட மாட்டாங்க. உங்களப் பத்தி அவங்களுக்கு இன்னும் ஏதோ ஒண்ணு தெரியணும், அவ்வளவுதான் அர்த்தம். அது என்னன்னு நீங்களே யோசிச்சு கண்டுபிடிக்கிறதுதான் பாதி வேலை, ஏன்னா அவங்க சொல்ல மாட்டாங்க.

மொதல்ல மெயில் நெஜமானதான்னு பாருங்க. காலேஜோட சொந்த முகவரியில இருந்து வந்துருக்கா, உங்க அப்ளிகன்ட் போர்ட்டல்ல ஏதாவது சொல்லிருக்கா, சந்தேகம்னா அட்மிஷன் ஆபீஸுக்கே எழுதிக் கேளுங்க. பணம் கேட்டா அது மோசடி, அதுல ரெண்டாவது பேச்சே கெடையாது. நெஜம்னா ஒரு நாளுக்குள்ள பதில் போட்ருங்க, ரெண்டு மூணு நேரம் குடுத்து, அவங்க நேரம் நம்ம நேரம் ரெண்டையும் எழுதுங்க. ஜனவரி பிப்ரவரியில பாஸ்டன், நியூயார்க் பக்கம் நம்மளவிட பத்தரை மணி நேரம் பின்னாடி. அவங்க வியாழக்கிழமை சாயந்திரம் ஏழு மணின்னா நமக்கு வெள்ளிக்கிழமை விடியக்காலை அஞ்சரை. தேதியில ஏமாந்துறாதீங்க.

அடுத்து, பேசப்போறது யாரு? இதத்தான் நம்ம பிள்ளைக யாரும் கவனிக்கிறதில்ல. மொத இன்டர்வியூ பெரும்பாலும் அந்தக் காலேஜோட பழைய மாணவர் எடுக்குறது. ஹார்வர்ட், எம்ஐடி மாதிரி எடத்துல அவங்களுக்கு உங்க மார்க்கும் தெரியாது எஸ்ஸேயும் தெரியாது, பேசிட்டு ஒரு ரிப்போர்ட் எழுதி அனுப்புவாங்க, முடிவு அவங்க கையில இல்ல. ரெண்டாவது தடவை அட்மிஷன் ஆபீஸ்ல இருந்தே ஒருத்தர் வர்றாருன்னா அவர் உங்க ஃபைலை படிச்சுட்டு உக்காந்துருக்க வாய்ப்பு அதிகம். அப்போ எஸ்ஸேல எழுதுனதையே திருப்பி ஒப்பிச்சா அவருக்கு என்ன லாபம்? இன்னொரு பழைய மாணவர்தான்னா கவலைப்படாதீங்க, மொத ரிப்போர்ட் சுருக்கமா இருந்துருக்கலாம், வராமலே போயிருக்கலாம், அப்போ முதல்ல இருந்து பேசுங்க.

இப்போ உங்க அப்ளிகேஷனை பிரிண்ட் போட்டு வச்சுக்கிட்டு வேத்தாள் மாதிரி படிங்க. எங்க சந்தேகம் வருது? பத்தாவதுல மார்க் குறைஞ்சு பதினொண்ணுல ஏறிருக்கா, கம்ப்யூட்டர் சயின்ஸ் கேட்டுட்டு எஸ்ஸே முழுக்க கோயில் சிற்பமா இருக்கா, எஸ்ஸே இங்கிலீஷ் பிரமாதமா இருந்து மொத இன்டர்வியூல வாயே தொறக்கலையா? கடைசி கேஸ் நம்ம பக்கம் ரொம்ப சாதாரணம். பெரியவங்க முன்னாடி அளந்து பேசுன்னு வளத்துட்டாங்க, கேட்ட கேள்விக்கு "எஸ் சார்"னு சொல்லிட்டு நிப்பாட்டிக்கிறோம். நமக்கு அது மரியாதை, அவங்க ரிப்போர்ட்ல எழுத ஒண்ணும் கெடைக்காது.

ஒரு உதாரணம் சொல்றேன். ஒரு பாப்பா எஸ்ஸேல ஆத்தங்குடி டைல்ஸ் பத்தி எழுதிருக்குன்னு வைங்க, படிக்கக் கேட்டது மெட்டீரியல் சயின்ஸ். மொத தடவை "எங்க ஊரு பாரம்பரியம், கையால செய்றது, அழகா இருக்கும்"னு சொல்லியாச்சு. அது யாரு வேணா சொல்றது. ரெண்டாவது தடவை இப்படி சொல்லலாம்: கண்ணாடி மேல அச்ச வச்சு, கலர் கலந்த சிமெண்ட அகப்பையில ஒவ்வொரு கட்டத்துக்குள்ளயும் ஊத்தி, அச்ச தூக்குனதும் மேல காஞ்ச சிமெண்ட் மணல தூவி, அதுக்கு மேல ஈரக் கலவைய போட்டு மட்டம் பண்ணி, கொஞ்சம் இறுகுனதும் தண்ணித் தொட்டியில சில நாள் ஊறப் போட்ருவாங்க. சூளையில சுடுறதே கெடையாது. கண்ணாடி கழண்டு வர்றப்பவே மேல்பக்கம் பளபளன்னு இருக்கும், ஏன்னா கண்ணாடியோட வழவழப்பு அப்படியே சிமெண்டுல பதியுது. காஞ்ச சிமெண்ட எதுக்கு தூவுறாங்க, கலர்ல இருக்குற அதிகத் தண்ணிய இழுக்கத்தானா, தூவலன்னா டிசைன் கலங்குமா, "இதத்தான் நான் சோதிச்சுப் பாக்கணும்"னு அந்தப் பாப்பா சொல்லுச்சுன்னா எதிர்ல இருக்குறவரு பேனாவ எடுப்பாரு. சிக்ரிங்கிற மத்திய அரசு ஆராய்ச்சி நிலையத்தை காரைக்குடியிலயே வச்சுக்கிட்டு, அதுவும் 1953ல இருந்து எலெக்ட்ரோகெமிஸ்ட்ரி ஆராய்ச்சி நடக்குற எடத்த, ஒரு ஓபன் டேக்கு கூட எட்டிப் பாக்காம மெட்டீரியல் சயின்ஸ் ஆசைன்னு சொல்ற பிள்ளைகளும் இருக்காங்க, என்ன பண்றது.

பழைய பதிலையே சொல்லக்கூடாதான்னா, சொல்லலாம், ஆனா அதோட அடுத்த பக்கத்த சொல்லுங்க. மாத்தியும் சொல்லாதீங்க, மொத ரிப்போர்ட் ஃபைல்லயே இருக்கு. அப்ளிகேஷன் அனுப்புன பிறகு நடந்தது ஏதாவது இருந்தா, அரையாண்டு மார்க் ஏறிருக்கு, பாதியில நின்ன புராஜெக்ட் முடிஞ்சிருச்சு, அத கட்டாயம் உள்ள கொண்டு வாங்க. நீங்க கேக்குறதுக்கும் ரெண்டு கேள்வி வேணும். வெப்சைட்ல இருக்குற ஹாஸ்டல் விவரத்தக் கேக்காதீங்க.

இங்கிலாந்து கதையே வேற. அங்க ஒரு யுனிவர்சிட்டிக்குள்ளயே பல காலேஜ் இருக்கும். ஆக்ஸ்ஃபோர்ட்ல டிசம்பர் இன்டர்வியூ சமயத்துலயே அதுல இன்னொரு காலேஜும் கூப்பிடலாம், அது அங்க வழக்கந்தான். கேம்பிரிட்ஜ்ல வின்டர் பூல்னு ஒண்ணு இருக்கு, ஒரு காலேஜ்ல நல்லா பண்ணியும் எடம் இல்லாதவங்கள ஜனவரியில மத்த காலேஜ் பாக்கும், அதுல சிலர மட்டும் திரும்ப பேசச் சொல்லுவாங்க. ரெண்டு எடத்துலயும் பாடந்தான், வாய்விட்டு யோசிக்கத் தெரியுதான்னு பாப்பாங்க. குடும்பக் கதையெல்லாம் அங்க எடுபடாது.

எடம் பத்தி சொல்லியே ஆகணும். பெரிய வீடுன்னா வளவுல, அதாவது நடு முற்றத்துப் பக்கம், உக்காராதீங்க, சத்தம் எதிரொலிக்கும். சுவர் கனத்துக்கு முகப்புல இருக்குற ரௌட்டர் ரெண்டாங்கட்டுக்கு எட்டாது, அதனால ரௌட்டர் இருக்குற அறையிலயே கதவ சாத்திக்கிட்டு உக்காருங்க, போன் ஹாட்ஸ்பாட்ட தயாரா வைங்க. தை மாசம்கிறதால கல்யாண மைக்செட், செவ்வாய்ப் பொங்கல், சிராவயல் மஞ்சுவிரட்டுக்குப் போற வண்டி எல்லாம் ஒண்ணா வரும், நேரம் குடுக்குறதுக்கு முன்னாடி நாள்காட்டியப் பாருங்க. அப்பத்தா கதவு இடுக்குல நின்னு கேட்டா பரவால்ல, கேமராவுக்குள்ள யாரும் நின்னு பதில் எடுத்துக் குடுக்க வேணாம்.

பின்னாடி பர்மா தேக்குத் தூண் தெரிஞ்சா ஸ்காலர்ஷிப் குடுக்க மாட்டாங்களோன்னு ஒரு பயம் இருக்கும் நிறைய பேருக்கு. பேசுறவர் உங்க பணக்கணக்கப் பாக்குறவர் இல்ல. வீடு பதினாலு பங்காளிக்குப் பொது, வாடகையும் வராது விக்கவும் முடியாதுன்னா அத ஃபைனான்ஷியல் எய்ட் ஆபீஸுக்கு தனியா ஒரு கடிதமா எழுதுங்க, இன்டர்வியூல எடுக்காதீங்க.

முடிஞ்ச அன்னைக்கே நாலு வரியில நன்றி மெயில், பேசுனதுல ஒரு விஷயத்த குறிப்பிட்டு. "எப்படி பண்ணேன், சான்ஸ் இருக்கா"ன்னு கேக்காதீங்க, அவரால சொல்ல முடியாது. அமெரிக்க ரிசல்ட் பெரும்பாலும் மார்ச் கடைசியில, அவங்க சாயந்திரத்துல வரும், நமக்கு அது மறுநாள் விடியக்காலை. அதுக்கு முன்னாடி பப்ளிக் எக்ஸாம் வந்துரும், சீட்டு கெடச்சாலும் ஃபைனல் மார்க் கேப்பாங்க, கெமிஸ்ட்ரிய முடிங்க.