ஜூன் பணம்: மகளிர் குழுவைக் குறிக்கோளோடு நடத்துவது எப்படி

"எதுக்கு குழு வச்சிருக்கீங்க?" என்று குழுவை நடத்தும் ஊக்குநரைக் கேட்டால் பெரும்பாலும் "பெண்கள் முன்னேற்றத்துக்கு" என்பார். உறுப்பினரைத் தனியாகக் கேட்டால் "லோனுக்கு" என்பார். இரண்டை வைத்தும் குழு நடத்த முடியாது. முன்னேற்றம் என்ற சொல்லை வைத்து ஒரு கடன் மனுவுக்குக்கூட ஆம், இல்லை சொல்ல முடியாது. லோனுக்காகச் சேர்ந்த குழு, லோன் வந்த மறுமாதம் கூட்டத்துக்கு வராது.

குறிக்கோளைக் கண்டுபிடிக்க ஒரு கூட்டம் போதும். போன ஒரு வருடத்தில் வெளியே யாரிடம், எந்த மாதம், எதற்கு, எவ்வளவு, என்ன வட்டிக்கு வாங்கினார்கள் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டு, பெயர் போடாமல் ஒரு தாளில் எழுதுங்கள். எல்லார் முன்னாலும் சொல்லக் கூச்சப்படுகிறவர்களிடம் தனியாகக் கேளுங்கள். எழுதி முடித்தால் ஏதாவது ஒரு மாதத்தில் கடன் குவிந்திருப்பது தெரியும். பல ஊர்களில் அது ஜூன், பள்ளி திறக்கும் நேரம்.

12 பேர் குழுவில் 7 பேர் ஜூனில் ஆளுக்குச் சுமார் 5,000 வெளியே வாங்கியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அப்படியென்றால் தீர்மானப் புத்தகத்தில் எழுத வேண்டியது இது: "அடுத்த ஜூனில் நம் குழுவில் யாரும் பள்ளிச் செலவுக்கு வெளியே வட்டிக்கு வாங்கக் கூடாது. அதற்கு மே கடைசியில் குழுவின் கையில் 35,000 ரூபாய் இருக்க வேண்டும்." தொகையும் தேதியும் இல்லாத வரியை எழுதாதீர்கள்.

இப்போது கணக்கு. ஜூலையில் தொடங்கினால் மே முடிய 48 வாரம். வாரச் சந்தா ஆளுக்கு 60 ரூபாய் என்றால் 12 பேருக்கு 720, மொத்தம் 34,560. இடையில் உள்கடனாக, அதாவது சேமிப்பிலிருந்து உறுப்பினர்களுக்கே கொடுக்கும் கடனாக, சராசரி 10,000 ரூபாய் எட்டு மாதம் சுற்றினால், நூற்றுக்கு ஒரு ரூபாய் மாத வட்டியில் 800 வரும். ஆக 35,360. தாளில் சரியாக வருகிறது. ஆனால் மே மாதம் ஒருவருக்கு ஆஸ்பத்திரிச் செலவு வந்தால் அத்தனையும் கவிழும். 70 ரூபாய் போட்டால் சேமிப்பே 40,320 ஆகும், அவசரத்துக்கு ஐயாயிரத்துக்கு மேல் மிஞ்சும்.

ஆனால் சந்தாவை வசதியானவரை வைத்து முடிவு செய்யாதீர்கள். கூலி வேலை கிடைக்காத அடைமழை மாதத்தில், குழுவிலேயே கஷ்டப்படுகிறவரால் எவ்வளவு கட்ட முடியும்? அதுதான் சந்தா. அவரால் 50 தான் முடியும் என்றால் சேமிப்பு 28,800, வட்டியோடு 29,600. அதில் 3,000 அவசரத்துக்கு ஒதுக்கினால் ஏழு பேருக்கு ஆளுக்கு 3,800 தரலாம். அப்போது எழுதிய தொகையைக் குறைத்துத் திருத்துங்கள். கட்ட முடியாத சந்தாவை வைத்தால், கஷ்டப்படுகிறவர்தான் முதலில் நின்றுவிடுவார். யாருக்காகக் குழு தொடங்கினோமோ அவரே வெளியே போய்விடுவார்.

பெரும்பாலான குழுக்கள் தவறுவது அடுத்த கட்டத்தில். பிப்ரவரியில் ஒருவர் பத்து மாதத் தவணையில் 8,000 கேட்பார். பணம் இருக்கிறது, நல்லவர், ஒழுங்காகக் கட்டுவார். கொடுத்தால் ஜூனில் அந்தப் பணத்தில் பாதிக்கு மேல் வெளியில் நிற்கும். ஆகவே பிப்ரவரியிலிருந்து கொடுப்பது மே கடைசிக்குள் அடைகிற கடன் மட்டும்தான் என்று முதல் மாதமே தீர்மானம் போடுங்கள். ஆள் முகத்தைப் பார்த்தபின் விதி போட்டால் அது பகையாகிவிடும்.

மறுக்கும்போது தீர்மானப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பேசுங்கள்: "அக்கா, உங்க தேவையை இல்லைன்னு சொல்லலை. ஜூன் பணம் புள்ளைங்களுக்குன்னு எல்லாரும் சேர்ந்துதான் எழுதினோம். மே கடைசிக்குள்ள அடைக்கிற மாதிரி மூவாயிரம்னா சமாளிச்சுடுவீங்களா?" ஊக்குநர் தன் கருத்தைக் கடைசியில் சொல்ல வேண்டும். முதலில் சொன்னால் மற்றவர்கள் தலையாட்டுவார்கள், வெளியே போய் முணுமுணுப்பார்கள்.

வாரக் கூட்டம் ஒரு மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது. வட்டமாக உட்கார்ந்து, வருகை, சேமிப்பு, தவணை, கடன் மனு என்ற வரிசையில் போங்கள். பணத்தை நடுவில் வைத்து எண்ணி, "ஜூன் பணத்துக்கு இதுவரை இவ்வளவு, இன்னும் இவ்வளவு வேண்டும்" என்று ஒரு உறுப்பினர் சத்தமாகப் படிக்க வேண்டும். வாராவாரம் வேறு ஆள் படிக்கட்டும். வீடு வீடாகப் போய் வசூலிக்கும் பழக்கம் வேண்டவே வேண்டாம். பணம் வரும், ஆனால் யாருக்கும் கணக்கு தெரியாது.

வங்கிக் கடன் தனி விஷயம். 1992இல் விவசாயத்துக்கும் ஊரக வளர்ச்சிக்குமான தேசிய வங்கியான நபார்டு 500 குழுக்களை வங்கியோடு இணைக்கும் சோதனைத் திட்டத்தைத் தொடங்கிய காலத்திலிருந்தே முறை ஒன்றுதான்: முதலில் சேமிப்பு, உள்கடன், கணக்கு, அப்புறம் வங்கி. குழு குறைந்தது 6 மாதம் ஒழுங்காக நடந்திருப்பதை வங்கி பதிவேடுகளில் பார்க்கும். கடன் வந்ததும் தலைக்கு இவ்வளவு என்று சமமாகப் பிரிப்பது ஊரெங்கும் நடக்கிறது. நியாயம் போலத் தெரியும். ஆனால் தேவையில்லாதவர் தன் பங்கை இன்னொருவருக்குக் கைமாற்றிவிடுவார். தவணை தவறும்போது யார் பெயரில் இருக்கிறது, யார் செலவழித்தார் என்று சண்டை வரும். வேண்டாதவருக்குக் கொடுக்காதீர்கள். பாஸ்புக் ஊக்குநர் வீட்டிலேயே இருக்க வேண்டாம், வங்கிக்கும் அவர் தனியாகப் போக வேண்டாம். குழுவின் பிரதிநிதிகளில் ஒருவரும் பொறுப்பில் இல்லாத ஒரு சாதாரண உறுப்பினரும் கூடப் போகட்டும்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஊக்குநரான நீங்கள் வேண்டுமென்றே ஒரு கூட்டத்துக்கு வராமல் இருந்து பாருங்கள். கூட்டம் நடந்து கணக்கும் எழுதப்பட்டிருந்தால் குழு சரியாக இருக்கிறது. "நீங்க இல்லைன்னு கூட்டம் வச்சுக்கலை" என்றால் அடுத்த நான்கு கூட்டங்களை வேறொருவர் நடத்தட்டும், நீங்கள் பேசாமல் உட்காருங்கள்.

ஜூன் கடனைப் பத்து மாதத் தவணையில் கொடுங்கள். ஜூலையில் தொடங்கினால் ஏப்ரலில் அடைந்துவிடும், அடுத்த ஜூனுக்கு மே மாதம் பணம் கையில் இருக்கும். ஜூன் கடைசிக் கூட்டத்தில் பழைய தாளை எடுத்து, இந்த முறை எத்தனை பேர் வெளியே வாங்கினார்கள் என்று மறுபடி கேளுங்கள். மூன்று பேர் இன்னும் போயிருந்தால், தொகை பற்றவில்லையா, கேட்கக் கூச்சமா என்று பிரித்துப் பாருங்கள். தொகை என்றால் மேலே போட்ட கணக்கைப் புதிதாகப் போட வேண்டும். கூச்சம் என்றால், கடன் மனுவை வாயால் கேட்காமல் கூட்டத்துக்கு முந்தின நாளே பிரதிநிதியிடம் சொல்லிவிடலாம் என்று வையுங்கள்.