பெயர் யாருடையது? தென்னாப்பிரிக்காவில் சிறு கம்பெனி நடத்துவோர் செய்யும் தவறுகள்

கம்பெனியைப் பதிவு செய்த அன்றே அதன் பெயரும் தமக்குச் சொந்தமாகிவிட்டது என்று நம்புவதுதான் டர்பன் வட்டாரத்துச் சிறு வணிகர்களிடம் அடிக்கடி காணப்படும் தவறு. இந்தக் குழப்பத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. கம்பெனிப் பதிவேட்டையும் வர்த்தக முத்திரைப் (டிரேட்மார்க்) பதிவேட்டையும் சி.ஐ.பி.சி. என்று சுருக்கமாக அழைக்கப்படும் கம்பெனிகள் மற்றும் அறிவுசார் சொத்து ஆணையம் ஒன்றே வைத்திருக்கிறது. ஆனால் முன்னது 2008ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டத்தின் கீழும், பின்னது 1993ஆம் ஆண்டின் வர்த்தக முத்திரைகள் சட்டத்தின் கீழும் வருகின்றன. கம்பெனிப் பதிவு கிடைத்துவிட்டால் அதே பெயரில் இன்னொரு கம்பெனி பதிவாவது தடுக்கப்படலாமே தவிர, மசாலாப் பொட்டலத்தின் மேல் அந்தப் பெயரை அச்சிடும் தனியுரிமை அதனால் வந்துவிடாது. மாறாக, அந்தப் பெயரை முன்பே வர்த்தக முத்திரையாகப் பதிந்து வைத்திருப்பவர் கம்பெனிகள் தீர்ப்பாயத்தை அணுகி, உங்கள் கம்பெனியின் பெயரையே மாற்ற வைக்க முடியும்.

முத்திரை பதிய முன்வருவோரும் ஒரே விண்ணப்பத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். முத்திரைப் பதிவுக்காகப் பொருள்களும் சேவைகளும் எண்ணிட்ட வகைகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. மசாலாத் தூள் 30ஆம் வகையில் வரும். ஊறுகாய் 29ஆம் வகையில் வரும். அதே பெயரில் டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் ஒரு சாப்பாட்டுக் கடை திறந்தால் அது 43ஆம் வகை. பல வகைகளை ஒரே விண்ணப்பத்தில் சேர்த்துக்கொள்ள இங்கே வழி இல்லை; ஒவ்வொன்றுக்கும் தனி விண்ணப்பம், தனிக் கட்டணம். சென்னையில் பதிந்த முத்திரை இங்கும் செல்லும் என்று நினைத்து இறக்குமதி செய்பவர்களும் உண்டு. அது செல்லாது. ஒரே விண்ணப்பத்தின் மூலம் பல நாடுகளில் முத்திரைப் பாதுகாப்பு கேட்க வழிசெய்வது மாட்ரிட் நெறிமுறை என்ற பன்னாட்டு உடன்படிக்கை; இந்தியா சேர்ந்துள்ள அதில் தென்னாப்பிரிக்கா சேரவில்லை என்பதால், அந்த வழியாக இந்த நாட்டுக்குப் பாதுகாப்பை நீட்டிக்கவும் முடியாது. இங்கேயே புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பம் கொடுத்த மறுநாளே லேபிளில் வட்டத்துக்குள் ஆர் எழுத்தைப் போட்டுவிடும் ஆர்வமும் ஆபத்தானது. பதிவாகாத முத்திரையைப் பதிவானதாகக் காட்டுவது இங்கே குற்றம். பதிவு கைக்கு வரும்வரை டிரேட்மார்க் என்பதன் சுருக்கமான டி.எம். என்ற இரண்டு எழுத்துகளே போதும்.

இவற்றையெல்லாம்விட, யாரும் சந்தேகிக்காத ஒரு சிக்கல் லோகோவில் இருக்கிறது. ஓர் ஊறுகாய்ப் புட்டியின் லேபிளைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் மாங்காய்த் துண்டுகளின் புகைப்படம். மேலே மயிலும் எழுத்துமாக வரையப்பட்ட லோகோ. இரண்டுக்கும் கடைக்காரர்தான் பணம் கொடுத்தார். ஆயினும் 1978ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் இரண்டையும் வேறு வேறாகவே பார்க்கிறது. பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படம், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, எடுக்கச் சொன்னவருக்கே உரியது. பணம் கொடுத்து வரையச் சொன்ன லோகோவோ, வரைந்தவர் உங்களிடம் சம்பளத்துக்கு வேலை செய்பவராக இல்லாவிட்டால், அவரிடமே தங்கிவிடுகிறது. ரசீது இருக்கிறது, வாட்ஸாப்பில் 'எடுத்துக்கொள்ளுங்கள் அண்ணா' என்று அவர் எழுதிய செய்தி இருக்கிறது என்றெல்லாம் சொல்வது உரிமை மாறியதற்குச் சான்றாகாது. உரிமையைக் கொடுப்பவர் கையெழுத்திட்ட எழுத்து ஆவணம் இருந்தால்தான் பதிப்புரிமை கைமாறும் என்று சட்டம் தெளிவாகச் சொல்கிறது. சித்தப்பா மகன்தானே வரைந்தான் என்று விட்டுவிடும் குடும்பங்களில்தான் இந்த ஒரு பக்கத் தாள் பெரும்பாலும் எழுதப்படுவதில்லை. கடையை விற்க முற்படும்போது வாங்குபவரின் வழக்கறிஞர் அதைத்தான் முதலில் கேட்பார்.

பதிப்புரிமை (காப்பிரைட்) வேறு, காப்புரிமை (பேட்டன்ட்) வேறு என்பதையும் சொல்லிவிட வேண்டும். தமிழில் இரண்டையுமே காப்புரிமை என்று எழுதும் பழக்கம் இந்த மயக்கத்தை வளர்க்கிறது. லோகோவுக்குக் கிடைப்பது பதிப்புரிமை; புதிய அரைவை இயந்திரத்துக்குக் கிடைக்கக்கூடியது காப்புரிமை. அந்த இயந்திரத்தை விண்ணப்பத்துக்கு முன்பே கண்காட்சியில் வைத்துவிட்டாலோ, முகநூலில் வீடியோவாகப் போட்டுவிட்டாலோ அதன் புதுமை போய்விட்டதாகவே சட்டம் கருதும். முதலில் தற்காலிக விண்ணப்பம் ஒன்றைக் கொடுத்துவிட்டால், முழு விண்ணப்பத்துக்கு 12 மாத அவகாசம் கிடைக்கும்.

பாட்டி கற்றுக்கொடுத்த பொடிக் கலவைக்கு இவை எதுவும் பொருந்தாது. அதை ரகசியமாக வைத்திருப்பதுதான் அதற்குப் பாதுகாப்பு. அந்த ரகசியம் தெரிந்த வேலையாள் விலகியபின் போட்டிக் கடை வைக்கக் கூடாது என்ற நிபந்தனை செல்லாது என்று இந்தியச் சட்டத்தைப் பற்றிய தமிழ் வீடியோக்களைப் பார்த்துவிட்டுச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். இந்தியாவில் அது பெரும்பாலும் சரி. ஆனால் இங்கே, மாக்னா அலாய்ஸ் என்ற நிறுவனத்தின் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் 1984ஆம் ஆண்டு அளித்த தீர்ப்புக்குப் பிறகு, அத்தகைய நிபந்தனை பொதுநலனுக்கு மாறானது என்று எதிர்ப்பவர் நிறுவினால் ஒழிய அது செல்லும். காலமும் எல்லையும் நியாயமாக இருக்க வேண்டும். நாடு முழுவதற்கும் 10 ஆண்டுகள் என்று எழுதிவைத்தால் நீதிமன்றத்தில் நிற்பது கடினம்.

கடைசியாக, முத்திரையை அண்ணன் பெயரில் பதிவதா, கம்பெனி பெயரில் பதிவதா என்று கேட்பவர்களுக்குக் கம்பெனி பெயர் என்றே பெரும்பாலும் சொல்வேன். சகோதரர்கள் பிரியும்போது வழக்கு ஒன்று குறையும். ஆனால் அப்படிப் பதிந்தவர்கள் ஆண்டறிக்கையை, அதாவது கம்பெனி இன்னும் இயங்குகிறது என்று ஆண்டுதோறும் தெரிவிக்கும் அறிக்கையை, மறக்கக் கூடாது. கம்பெனி பதிவான தேதி ஒவ்வோர் ஆண்டும் வரும்போது, அதிலிருந்து 30 வேலை நாட்களுக்குள் அதைச் சி.ஐ.பி.சி.யிடம் தாக்கல் செய்ய வேண்டும். வரிக் கணக்கு கட்டியாயிற்று, அதுவே போதும் என்று இருந்துவிட்டால் கம்பெனி பதிவேட்டிலிருந்து நீக்கப்படலாம். நீக்கப்பட்ட கம்பெனியின் சொத்துகள், வர்த்தக முத்திரை உட்பட, உரிமையாளரற்றவையாகி அரசைச் சேரும். கம்பெனியை மீண்டும் பதிவேட்டில் ஏற்ற விண்ணப்பிக்கலாம் என்றாலும், அதற்கு விடுபட்ட ஆண்டுகளின் அறிக்கைகள் அனைத்தையும் கட்டணத்தோடு கொடுத்தாக வேண்டும்.