லினக்ஸுக்கு மாறும் முன் தம்பியின் விளையாட்டைப் பாருங்கள்

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. கோத்தகிரியில் எங்கள் வீட்டுக் கணினியோ விண்டோஸ் 11-ஐத் தாங்காத பழையது. விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போடலாம் என்றேன். அம்மா சரியென்றார், தம்பியின் முகம்தான் வாடிவிட்டது.

ஆகவே முதலில் புரோட்டான்டிபி இணையதளத்தில் அவனுடைய விளையாட்டுகளைத் தேடினோம். லினக்ஸில் அவை எப்படி ஓடுகின்றன என்று ஆடியவர்களே அங்கே எழுதியிருக்கிறார்கள். ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடையில் வாங்கியவற்றில் பெரும்பாலானவை, விண்டோஸ் விளையாட்டுகளை லினக்ஸில் ஓட்ட அதனுடன் வரும் புரோட்டான் என்ற மென்பொருள் மூலம் ஓடிவிடும். வேலோரன்ட், ஃபோர்ட்நைட் ஓடாது. ஏமாற்றி ஆடுவதைத் தடுக்க அவற்றில் இருக்கும் மென்பொருள் விடாது. அவைதான் உயிர் என்றால் விண்டோஸை அழிக்காமல், பக்கத்திலேயே வட்டின் தனிப் பகுதியில் லினக்ஸை நிறுவுங்கள்.

நான் ஒரு மாலையைத் தொலைத்தது வேறிடத்தில். விண்டோஸ் பகுதியில் இருந்த விளையாட்டை அங்கிருந்தே ஓட்டப் பார்த்தேன், அடம்பிடித்தது. அந்தக் கோப்புறையை லினக்ஸ் பகுதியில் ஸ்டீமின் ‘காமன்’ கோப்புறைக்குள் நகலெடுத்து, பிறகு ‘இன்ஸ்டால்’ கொடுத்தேன். இருக்கும் கோப்புகளைச் சரிபார்த்து, குறைந்ததை மட்டும் ஸ்டீம் இறக்கிக்கொண்டது. மலையில் இணையம் ஊர்ந்து வரும் வீடுகளுக்கு இது பெரிய மிச்சம்.

8 ஜிபி பென்டிரைவில் மின்டை ஏற்றி, நிறுவாமலேயே வைஃபை, பிரிண்டர், தமிழ்த் தட்டச்சு எல்லாம் சோதித்துவிடலாம். படங்களை வெளி வட்டில் எடுத்துவையுங்கள். ஆளுக்கொரு கணக்கு, நிர்வாகக் கடவுச்சொல் தம்பிக்கு வேண்டாம்! மழைக்காலமானால், யுபிஎஸ் இல்லாமல் வட்டைப் பிரிக்கத் தொடங்காதீர்கள்.