தவில் வித்துவானின் பெயர் எங்கே? இசை எழுத்துக்கும் இசை விளம்பரத்துக்கும் வருபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பதினாறு ஆண்டுகளுக்கு முன்பு மேலூர்ப் பக்கம் ஒரு கிராமத்துக் கோயிலில் கும்பாபிஷேகம். அன்றைய நாதஸ்வரக் கச்சேரியைப் பற்றிச் செய்திக் குறிப்பு எழுதிப் பத்திரிகைகளுக்கு அனுப்பும் வேலை எனக்கு வந்தது. எழுதி அனுப்பினேன், மதுரைப் பதிப்பில் படத்தோடு வெளிவந்தது. நாதஸ்வர வித்துவானின் பெயர் இருந்தது. விழாக் குழுவினர் ஒன்பது பேரின் பெயர்களும் இருந்தன. தவில் வாசித்த இருவரும் 'தவில் குழுவினர்' என்ற இரண்டு சொற்களுக்குள் முடிந்துபோயிருந்தார்கள்.

அடுத்த வாரம் அந்த இருவரில் மூத்தவரைப் பெரியார் பஸ் நிலையத்தில் பார்த்தேன். சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த செய்தித் துண்டை எடுத்துப் பிரித்தார். படத்தின் ஓரத்தில் ஒரு வலக்கை மட்டும் விழுந்திருந்தது. பசை தடவிய துணியில் செய்த கூடு ஐந்து விரல்களிலும் தெரிந்தது. "இந்தக் கை என்னுடையதுதான் தம்பி. பேத்தியிடம் காட்டினேன். பெயர் இல்லையே தாத்தா என்கிறாள்" என்றார். அவர் கோபப்பட்டிருந்தால்கூட எனக்குத் தாங்கியிருக்கும்.

இசையைப் பற்றி எழுதியும், கலைஞர்களைப் பற்றிய செய்தியை வெளியே கொண்டுபோயும் பிழைக்க வேண்டும் என்று மதுரையில் இன்று பல இளைஞர்கள் ஆசைப்படுகிறார்கள். என்னிடம் வந்து கேட்பவர்களுக்கு முதலில் இந்தக் கையின் கதையைத்தான் சொல்கிறேன். நான் பார்த்த தவறுகளில் பெரும்பாலானவை இதே இடத்திலிருந்துதான் கிளம்புகின்றன. யாரைப் பற்றி எழுதுகிறோமோ அவரைச் சரியாகப் பார்ப்பதில்லை, சரியாகக் கேட்பதில்லை.

பெயரும் பட்டமும்

கலைஞரின் பெயரைக் காதில் விழுந்தபடி எழுதாதீர்கள். அவர் கையாலேயே எழுதி வாங்குங்கள். தலைப்பெழுத்துக்கு விரிவு கேளுங்கள். பாடகி எம்.எஸ். சுப்புலட்சுமியின் பெயரில் எம்.எஸ். என்ற இரண்டு எழுத்தில் மதுரை என்ற ஊரும், வீணைக் கலைஞரான சண்முகவடிவு என்ற தாயும் இருக்கிறார்கள். மீனாட்சியம்மன் கோயிலுக்கு அருகே அனுமந்தராயன் கோயில் தெருவில் 1916-இல் பிறந்த பெண் அந்த இரண்டையும் கடைசி வரை தன் பெயரில் சுமந்தார். மதுரை மணி ஐயர், மதுரை சோமு என்று ஊரைப் பெயரோடு சேர்த்துக்கொண்ட மரபு நம்முடையது. இன்று ஒரு பம்பைக் கலைஞர் தன் பெயருக்கு முன்னால் அலங்காநல்லூர் என்றோ உசிலம்பட்டி என்றோ போடச் சொன்னால், இடம் இல்லை என்று அதை வெட்டிவிடாதீர்கள்.

நாதஸ்வரம் என்று எழுதுவதா, நாகசுரம் என்று எழுதுவதா என்று கேட்பார்கள். இரண்டும் புழக்கத்தில் உள்ளன. கலைஞர் தன் அழைப்பிதழில் எப்படிப் போடுகிறாரோ அப்படியே எழுதலாம். ஒரே கட்டுரைக்குள் இரண்டையும் கலந்து எழுதாமல் இருந்தால் போதும்.

பட்டங்களில் நடக்கும் தவறுதான் மிகவும் சங்கடம் தருவது. கலைமாமணி விருது தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றத்தின் வழியே மாநில அளவில் தரப்படுவது. மாவட்ட அளவில் வயதுக்கு ஏற்ப கலை இளமணி, கலை வளர்மணி, கலைச்சுடர்மணி, கலை நன்மணி, கலை முதுமணி என்று தனி விருதுகள் இருக்கின்றன. வளர்மணி பெற்றவரைக் கலைமாமணி என்று எழுதினால் அவருக்குப் பெருமை சேரும் என்று நினைக்கிறார்கள். சேராது. அடுத்த நாள் சக கலைஞர்கள் அவரைத்தான் கேள்வி கேட்பார்கள். அகில இந்திய வானொலி கலைஞர்களுக்குத் தரும் தரமும் அப்படியே. 'பி ஹை' வாங்கியவரை 'ஏ கிரேடு' என்று எழுதாதீர்கள். ஒவ்வொரு படிக்கும் தனியாகத் தேர்வுக்கு வாசித்துக் காட்டித்தான் ஏற வேண்டும், அதன் கஷ்டம் ஏறியவர்களுக்குத் தெரியும்.

தமிழ்த் திரையுலகின் முதல் பி.ஆர்.ஓ. என்று அறியப்படும் ஃபிலிம் நியூஸ் ஆனந்தனை இந்த இடத்தில் நினைத்துக்கொள்வேன். படங்களுக்குச் செய்தித் தொடர்பு பார்த்த அவர், எந்தப் படத்தில் யார் என்ன வேலை செய்தார்கள் என்ற விவரங்களை வாழ்நாள் முழுவதும் சேர்த்துவைத்தார். இந்தத் தொழிலுக்கு வருபவர் பழகிக்கொள்ள வேண்டிய முதல் பழக்கம் அதுதான்.

கேட்காமல் எழுதுவது

"தேனினும் இனிய குரலால் ரசிகர்களை மெய்மறக்கச் செய்தார்." இந்த வாக்கியத்தை யாருடைய கச்சேரிக்கும் போடலாம். கச்சேரிக்குப் போகாமலேயே எழுதலாம். படிப்பவருக்கும் அது தெரியும். இசை மழை, கானக் கடல், செவிக்கு விருந்து எல்லாம் இந்த வகைதான். இவற்றை எழுதிப் பழகிய கை பிறகு வேறு எதையும் எழுத மறுக்கிறது.

தல்லாகுளத்தில் ஒரு மாலைக் கச்சேரி. பாடகி பைரவி ராகத்தை விரித்துக்கொண்டிருந்தபோது மின்சாரம் போய்விட்டது. அவர் நிறுத்தவில்லை. வயலின்காரர் வில்லின் அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டார், மிருதங்கக்காரர் கையை மடியில் வைத்துக்கொண்டார். பின்வரிசையில் இருந்த ஏழெட்டுப் பேர் எழுந்து வந்து மேடைக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தார்கள். மின்விசிறிச் சத்தமும் அடங்கியிருந்ததால், ஒலிபெருக்கியில் கேட்காத நுணுக்கமான கமகங்கள், அதாவது சுரங்களின் அசைவுகள், அப்போதுதான் கேட்டன. இவ்வளவையும் எழுதினால் குரல் இனிமை என்ற சொல்லே தேவைப்படாது. இதை எழுத அங்கே இருந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ராகத்தைத் தவறாக எழுதுவது எனக்கும் நடந்திருக்கிறது. ஆனந்தபைரவியை ரீதிகௌளை என்று எழுதி, மறுநாள் காலை ஏழு மணிக்கே ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியரிடமிருந்து போன் வந்தது. அன்றிலிருந்து கச்சேரி முடிந்ததும் மேடைப் பக்கம் போய், தம்புரா போட்ட மாணவியிடம் பாட்டு வரிசையைக் கேட்டு எழுதிக்கொள்கிறேன். வெட்கப்பட ஒன்றுமில்லை, மகிழ்ச்சியோடு சொல்வார்கள். பசுமலையில் அரசு இசைக் கல்லூரி இருக்கிறது. அங்கே படிக்கும் ஒருவரோடு நட்பு வைத்துக்கொண்டு மாதம் இரண்டு கச்சேரிக்குச் சேர்ந்து போனால் ஓராண்டில் காது வேறாகிவிடும்.

தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் காபி குடிக்க எழுந்து போகாதீர்கள். இதைக் கண்டிப்பாகச் சொல்கிறேன். மிருதங்கமும் கடமும் பேசிக்கொள்ளும் அந்த நேரத்தில் வெளியே நின்றுவிட்டு, மறுநாள் "பக்கவாத்தியங்கள் சிறப்பாக அமைந்தன" என்று எழுதுவது பொய். இரண்டு மணி நேரம் பாடகரைத் தாங்கிய கலைஞருக்கு மாலை முழுவதிலும் சொந்தமாகக் கிடைப்பது அந்தச் சில நிமிடங்கள்தான்.

நையாண்டி மேளத்தைப் பற்றி எழுதும்போதும் இதே கவனம் வேண்டும். 'கிராமிய இசை' என்று மொத்தமாகப் போர்த்திவிட்டுப் போகிறார்கள். நாதஸ்வரம், தவில், பம்பை, தமுக்கு, தாளம் என்று அதில் ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை இருக்கிறது. கரகாட்டக்காரர் அடி மாற்றும்போது மேளம் எப்படி முந்திக்கொண்டு மாறுகிறது என்று கவனித்து எழுதினால் கர்நாடகக் கச்சேரி விமர்சனத்துக்குக் கொஞ்சமும் குறையாத எழுத்தாக அது இருக்கும். அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025-இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டபோது பறையைப் பற்றி எழுத எல்லோரும் ஓடினார்கள். அவர் அதற்கு முன்பு பல ஆண்டுகளாக இங்கேதான் வாசித்துக்கொண்டும் சொல்லிக்கொடுத்துக்கொண்டும் இருந்தார். விருது வந்த பிறகுதான் எழுதுவது என்று வைத்துக்கொண்டால், நாம் என்றைக்கும் பின்னால்தான் நிற்போம்.

எளிதாக எழுதினால் ஆழம் போய்விடும் என்ற பயமும் பலருக்கு இருக்கிறது. 'கர்நாடகம்' என்ற புனைபெயரில் கல்கி ஆனந்த விகடனில் எழுதிய இசை விமர்சனங்களை ராகம் தெரியாதவர்களும் விரும்பிப் படித்தார்கள். தமிழில் இசை விமர்சனம் வளர்ந்தது இப்படித்தான்.

ஒரே ஆளுக்கு இரண்டு தொப்பி

மதுரை போன்ற ஊரில் விளம்பர வேலை பார்ப்பவரும் விமர்சனம் எழுதுபவரும் ஒரே ஆளாக இருப்பது சகஜம். நானும் இரண்டும் செய்கிறேன். ஒருவரிடம் பணம் வாங்கிக்கொண்டு அவர் கச்சேரிக்கே விமர்சனமும் எழுதுவதுதான் தவறு. யாருக்கு வேலை செய்கிறேனோ அவரைப் பற்றி அந்த ஆண்டில் நான் விமர்சனம் எழுதுவதில்லை. கேட்கும் ஆசிரியரிடம் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். இதனால் இரண்டு வாய்ப்புகள் போயின. ஆனால் நான் நல்லது என்று எழுதினால் சபாக்காரர்கள் நம்புகிறார்கள்.

நிருபர் கையில் கவர் கொடுக்கும் பழக்கத்தைத் தொடங்காதீர்கள். செய்தி வேறு, விளம்பரம் வேறு என்பதைக் கலைஞரிடம் முதல் நாளே விளக்கிவிடுங்கள். விளம்பரத்துக்குப் பணம் கட்டினால் இடம் நிச்சயம், செய்தியைப் போடுவதும் விடுவதும் ஆசிரியர் விருப்பம். "பேப்பரில் வந்துவிடும், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று வாக்குக் கொடுத்து மாட்டிக்கொண்டவர்கள் நிறையப் பேர். வராத நாளன்று கலைஞர் முகத்தைப் பார்க்க முடியாது. எத்தனை இடங்களுக்கு அனுப்புவேன், யாரிடம் பேசுவேன் என்பதை மட்டும் உறுதியாகச் சொல்லுங்கள்.

நேரமும் படமும்

இரவு ஏழு மணிக்கு நாளிதழ் அலுவலகத்துக்குப் போன் செய்து, "சார், நம்ம நிகழ்ச்சி…" என்று தொடங்காதீர்கள். அது பக்கம் முடிக்கும் நேரம். முற்பகலில் பேசுங்கள். இன்றைய நிகழ்ச்சிகள் பகுதிக்குக் கட்டணம் இல்லாமல் போடுவார்கள், ஆனால் ஓரிரு நாள் முன்பே விவரம் போய்ச் சேர வேண்டும். நாள், கிழமை, நேரம், இடம், யார் யார், அனுமதி இலவசமா டிக்கெட்டா, தொடர்பு எண் இவ்வளவும் முதல் பத்தியிலேயே இருக்க வேண்டும். கலைஞரின் குருபரம்பரை மூன்றாவது பத்தியில் வரலாம். கிழமையும் தேதியும் பொருந்துகிறதா என்று நாட்காட்டியில் பாருங்கள். இந்த ஒரு பிழைக்காகவே ஓரமாக எடுத்து வைக்கப்படும் குறிப்புகள் உண்டு.

மார்கழியில் சென்னைப் பத்திரிகைகளின் கவனத்தை எதிர்பார்த்து மதுரைக் கலைஞருக்கு வேலை செய்வது வீண் உழைப்பு. அந்த மாதம் அங்கே சபாக்களின் சீசன். நமக்குப் பங்குனி, சித்திரை, வைகாசி இருக்கின்றன. அழகர் ஆற்றில் இறங்கும் நாட்களில் இசையைப் பற்றி எழுத எவ்வளவோ கிடைக்கும். ஊர்க்கோயில் திருவிழாக்களுக்கு வெற்றிலை பாக்கும் அட்வான்ஸும் கொடுத்துக் கலைஞர்களை உறுதிசெய்யும் மாதங்களைத் தெரிந்துகொண்டு, அதற்கு முன்பே அவர்களைப் பற்றிய எழுத்து வெளிவரச் செய்யுங்கள். கூடுதலாக இரண்டு நிகழ்ச்சி கிடைத்தால் அவர் குடும்பத்துக்கு அது பெரிய விஷயம்.

படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் சுருங்கிவிடும், அச்சுக்கு உதவாது. ஆவணமாக அனுப்புங்கள், அல்லது மின்னஞ்சலில் இணையுங்கள். மைக் முகத்தை மறைக்காத படம் வேண்டும். பக்கவாத்தியக்காரர்கள் முழுதாக விழுந்த படமும் ஒன்று வேண்டும். இடமிருந்து வலமாக எல்லாப் பெயரையும் கீழே எழுதுங்கள்.

இணையத்தில் வெளியிடும்போது

பாட்டை இன்று ஏற்றிவிட்டு நாளைக்கு விளம்பரம் தேடுவது இளைஞர்கள் செய்யும் பொதுவான பிழை. ஸ்பாட்டிஃபையில் ஆசிரியர் குழுவின் பட்டியலுக்குப் பாட்டை முன்வைக்க, அது வெளியாவதற்கு முன்பே கலைஞர் கணக்கின் வழியே அனுப்ப வேண்டும். குறைந்தது ஏழு நாள் முன்பு அனுப்பினால், பின்தொடர்பவர்களுக்கு வரும் புதுவெளியீட்டுப் பட்டியலிலும் இடம் கிடைக்கும். நான் நான்கு வாரம் வைத்துக்கொள்கிறேன். 2024 முதல், ஒரு பாட்டு முந்தைய பன்னிரண்டு மாதத்தில் 1,000 முறையாவது கேட்கப்பட்டிருந்தால்தான் அங்கே அதற்கு ஒலிப்பதிவு உரிமைத்தொகை கணக்கிடப்படும். இதைக் கேட்டதும் சிலர் எண்ணிக்கையை விலைக்கு வாங்கப் போகிறார்கள். போலிக் கேட்புகளைக் கண்டுபிடித்தால் பாட்டையே நீக்குவார்கள், வெளியீட்டு நிறுவனத்துக்கு அபராதமும் வரும், அது கலைஞரின் தலையில்தான் விழும். அதைவிட அவர் ஊர்க்காரர்கள் நூறு பேரை உண்மையாகக் கேட்க வைப்பது மேல்.

பாட்டு விவரத்தில் 'இசை, பாடல்: நான்' என்று போடுவதற்கு முன் ஒரு நிமிடம் யோசியுங்கள். நடவுப் பாட்டையோ ஒப்பாரியையோ ஒரு பாட்டியிடம் கேட்டுப் பதிவுசெய்து, கீழே கீபோர்டு சேர்த்து, சொந்தப் பாட்டு என்று வெளியிடுகிறார்கள். அதை அப்படியே செய்திக் குறிப்பில் எழுதும் நாமும் அந்தத் தவறில் பங்காளிகள். மதுரையில் இருந்துகொண்டு விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணனும் அவர் கணவரும் ஊர் ஊராகப் போய் நாட்டுப்புறப் பாடல்களைச் சேகரித்து மேடையேற்றினார்கள். சேகரித்தது என்று சொல்வதில் குறைவு ஏதும் இல்லை என்பதற்கு அவர்களே சான்று. 'மரபுப் பாடல்' என்று எழுதி, பாடிக்கொடுத்தவர் பெயரையும், அவர் சம்மதித்தால் ஊரையும் சேருங்கள். சொந்தமாக எழுதி இசையமைப்பவர்களுக்கு 2012-இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டம் விட்டுக்கொடுக்க முடியாத உரிமைத்தொகைப் பங்கைத் தருகிறது. அந்தத் தொகையை வசூலித்துத் தரும் ஐ.பி.ஆர்.எஸ். அமைப்பில் பதிவுசெய்துகொள்ளும்படி அவர்களிடம் சொல்லுங்கள். பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியவில்லை.

பணம்

வேறு வருமானம் இல்லாமல் முதல் நாளே இதில் குதிக்காதீர்கள். நான் ஐந்து ஆண்டுகள் அச்சகம் ஒன்றில் பிழை திருத்திக்கொண்டே மாலையில் கச்சேரிகளுக்குப் போனேன். இலவசமாக எழுதுவதற்கு ஓர் எல்லை வையுங்கள். என் கணக்கில் முதல் பத்துக் கட்டுரை. விளம்பர வேலை என்றால் என்ன செய்வேன், எத்தனை நாள், எவ்வளவு என்று ஒரு பக்கத்தில் எழுதிப் பாதியை முன்பணமாக வாங்குங்கள். வருமானம் குறைந்த கிராமியக் கலைஞரிடம் கட்டணம் கேட்க மனம் வராது, எனக்கும் வராது. அவருக்கு இலவசமாகவே செய்துவிடுங்கள். பாதிப் பணம் பேசி, மனமில்லாமல் பாதி வேலை செய்வதுதான் இருவருக்கும் கெடுதல்.

மாவட்டப் பதிப்பில் வரும் செய்தி பெரும்பாலும் அந்த ஒரு நாளோடு போய்விடும், இணையத்தில் தேடினால் கிடைக்காது. வெளிவந்த அன்றே பக்கத்தை முழுதாக ஸ்கேன் செய்து, கோப்பின் பெயரில் தேதியையும் பதிப்பையும் எழுதி வையுங்கள். நாளைக்கு ஓர் ஆசிரியர் உங்கள் எழுத்தைக் கேட்டால் காட்ட அதுதான் இருக்கும். காலையில் கடைக்குப் போகும்போது பேப்பரில் இரண்டு பிரதி வாங்குங்கள். ஒன்றைக் கலைஞரின் வீட்டில் கொடுத்துவிட்டு, பெயர்கள் எல்லாம் சரியாக இருக்கின்றனவா என்று அவரையே வாசித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.